ரோஷினியின் நானூறு மணி நேரம்

அத்தியாயம் பதினேழு

செந்தில்குமார் நியூஜெர்சியிலிருந்து வந்து இன்றோடு ஐந்து நாள். வரும்போது நான்கு பெட்டி கொண்டுவந்தார். ஒன்று நிறைய துணி, ஒன்று நிறைய சாக்லேட், ஒன்று நிறைய மாத்திரை. மூன்றாவது பெட்டியைத் திறக்கும் நிலைமை வராமல் இருக்க, நான்காவது நிறைய தண்ணீர் வடிகட்டும் சாமான். தங்கியது வேலூர் ஓட்டலில். தினமும் காலையில் வாடகைக் காரில் ஆம்பூர் வருவார். தம்பி வீட்டு நாற்காலியில் கைக்குட்டையை விரித்து உட்காருவார். ஆற்காட்டு மக்கன் பேடாவில் ஒரு டஜனைச் சத்தமில்லாமல் முடித்துவிட்டு, காபிக்கு மட்டும் சர்க்கரை வேண்டாம், உடம்புக்கு ஆகாது என்பார்.

அந்த வாயால்தான் நேற்று சாயங்காலம் அந்தப் பேச்சை எடுத்தார்.

தம்பி மகள் ஸ்வேதா நீட் பரீட்சையை இரண்டாம் முறை எழுதி, அரசாங்கக் கல்லூரிக்கு ஒரு முழம் குறைவாகவும் தனியார் கல்லூரிக்கு ஒரு சாண் அதிகமாகவும் மார்க் வாங்கியிருந்தாள். நிர்வாக ஒதுக்கீட்டில் சீட் வந்துவிட்டது. திங்கட்கிழமைக்குள் பணம் கட்டிச் சேர வேண்டும். அவள் அப்பா கங்காதரன் தோல் ஷெட்டில் தரம் பிரிக்கிறவர். கண்ணை மூடிக்கொண்டு தோலைத் தடவி, இது முதல் தரம், இது மூன்றாம் தரம், இந்த மாட்டைக் கன்றுக்குட்டியாக இருந்தபோது முள்வேலி கீறியிருக்கிறது என்று ஜாதகமே சொல்லிவிடுவார். ஆனால் அவர் சம்பளத்தில் அந்தப் படிப்பை முடிக்க வேண்டுமானால் ஸ்வேதாவின் பேரப்பிள்ளைகள் ரிடையர் ஆக வேண்டியிருக்கும். ஆகவே, "ஸ்வேதா சீட்டு என் பொறுப்பு" என்று அண்ணன் சொன்னதும் கங்காதரன் எழுந்து நின்றுவிட்டார். உட்காரும்படி இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

பதிலுக்கு அண்ணன் கேட்டது ஒரே ஒரு கடிதம். எழுத வேண்டியவள் கங்காதரனின் மனைவி மனோரமா. அவள் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் முதலுதவி அறை நர்ஸ்.

செந்தில்குமாரின் மகள் ரோஷினி அங்கே பன்னிரண்டாவது படிக்கிறாள். அமெரிக்காவில் டாக்டர் ஆக வேண்டுமென்றால் முதலில் நாலு வருஷம் ஒரு பட்டப்படிப்பு, அப்புறம் ஒரு ராட்சசப் பரீட்சை, அப்புறம் கல்லூரி கல்லூரியாக மனு, அப்புறம் இன்னொரு நாலு வருஷம். சில இடங்களில் மட்டும் இரண்டு படிப்பையும் ஒன்றாகச் சேர்த்து, பள்ளிக்கூடம் முடிக்கும்போதே ஆளைப் பிடித்துப் போட்டுக்கொள்கிற ஏற்பாடு உண்டு. செந்தில்குமார் அதை நம் ஊர் பாஷையில் விளக்கினார். சோளிங்கர் மலைக்கு ஆயிரத்து முந்நூறு படி ஏறுகிறவன் ஏறட்டும், இது ரோப்கார். ஏறி உட்கார்ந்தால் அடுத்தது நரசிம்மர் சந்நிதிதான். ஒரே தொல்லை, ரோப்காரில் இடம் இருபது பேருக்கு. கீழே நிற்கிற கூட்டம் மூவாயிரம். அத்தனை பேரும் நூற்றுக்கு நூறு. அத்தனை பேரும் வயலின் வாசிக்கிறார்கள்.

"அதனால மார்க்க பாக்க மாட்டான் மனோரமா. கதைய பாப்பான்" என்றார்.

சீட் கொடுக்கிறவன், ஏன் டாக்டராக வேண்டும் என்று கேட்பானாம். யாருக்குச் சேவை செய்தாய், எத்தனை மணி நேரம், பார்த்தது யார் என்று துளைப்பானாம். ரோஷினி பதினான்கு இடத்துக்கு மனுப் போடுகிறாள். அவள் உயிரையே வைத்திருக்கும் ஒரு கல்லூரி, மேற்பார்வையாளரின் கடிதத்தையும் சேவை செய்த பதிவேட்டையும் சேர்த்துக் கேட்கிறது. கடைசி நேரம் நம் கணக்கில் சனிக்கிழமை காலை ஒன்பதரை.

ரோஷினி சேவை செய்யாமலும் இல்லை. ஜூலையில் பத்தொன்பது நாள் வந்திருந்தாள். அதில் பதினோரு நாள் வயிற்றுக்கும் குளியலறைக்கும் நடந்த யுத்தத்தில் போயிற்று. மிச்சத்தில் நாலு காலைப்பொழுது சித்தியோடு முதலுதவி அறையில் உட்கார்ந்தாள். நாலாம் நாள் ஆணி குத்திய கட்டைவிரல் ஒன்றைப் பார்த்து மயங்கி விழ, அன்றைக்கு முதலுதவிப் பெட்டி அவளுக்காகவே திறந்தது. நன்றாக இழுத்துப் பிடித்தாலும் ஒன்பது மணி நேரம் தேறும். கடிதத்தில் இருக்க வேண்டியது, இரண்டு கோடை விடுமுறை முழுக்க இங்கேயே இருந்ததாகக் கணக்குக் காட்டி, நானூறு.

மனோரமா நேற்று பதில் சொல்லவில்லை. இன்று, வெள்ளிக்கிழமை, காலை பத்து மணிக்கெல்லாம் செந்தில்குமார் டைப் அடித்த காகிதத்தோடு கம்பெனிக்கே வந்துவிட்டார். முதலுதவி அறையில் நோயாளி உட்காரும் ஸ்டூலில் கைக்குட்டையை விரித்தார்.

"புதுசா இன்னா கேட்டுட்டேன்? நீ வருஷா வருஷம் பண்றதுதானே" என்றார்.

ஊரை விட்டுப் போய் இருபத்தைந்து வருஷம் ஆகியும், காரியம் ஆக வேண்டிய நேரத்தில் 'இன்னா' மட்டும் அவர் வாய்க்கு அழகாகத் திரும்பிவிடும்.

சொன்னது உண்மை என்பதால் சுருக்கென்று தைத்தது. ஷூ வாங்குகிற வெளிநாட்டு பையர்கள் வருஷம் ஒரு தடவை ஆளனுப்பிக் கம்பெனியைச் சோதிப்பார்கள். ஆடிட் என்று பேர். யாருக்கு என்ன காயம், என்ன மருந்து என்று தினம் எழுத வேண்டிய ரிஜிஸ்டரை மனோரமா ஆடிட்டுக்கு முந்தின மத்தியானம் ஒரே மூச்சில் எழுதி முடிப்பாள். மாசத்துக்கு ஒரு பேனா. செவ்வாய்க்கிழமை எல்லாம் இடது கையால். மார்ச் மாதத்தில் ஒரு டீக்கறை, ஆகஸ்டில் கொஞ்சம் மழை. அவள் தயாரித்த ரிஜிஸ்டரைப் பார்த்து மெச்சிய ஒரு ஜெர்மன்காரர், பக்கத்தில் கிடந்த ஸ்டோர் ரூமின் நிஜ ரிஜிஸ்டரைப் போலி என்று ஒதுக்கிவிட்டுப் போனதாக அந்தக் கம்பெனியில் ஒரு பேச்சு உண்டு.

ஆனால் இப்போது கேட்பது வேறு நோட்டு.

செருப்புக்கும் ஷூவுக்கும் ஒட்டுகிற பசைக்கு அங்கே சொல்யூஷன் என்று பெயர்; அதன் நெடி ஏறினால் கை கால் நரம்பு மரத்துப்போகும். ஒட்டுகிற மேஜையில் பத்துப் பெண்கள். முதல் தடவை நீட்டில் தவறியதும் ஸ்வேதா வீட்டில் அழுதுகொண்டிருக்காமல் அம்மாவோடு கம்பெனிக்கு வர ஆரம்பித்தாள். அமிர்தவள்ளி என்ற பெண் ஒருநாள் கேட்டிலிருந்து மேஜை வரை ஒற்றைச் செருப்போடு நடந்து வந்து, இன்னொன்று கழன்று விழுந்ததே தெரியாமல் வேலைக்கு உட்கார்ந்ததை அவள்தான் பார்த்தாள். கால் மரத்துப் போயிருந்தது. கையும் அப்படித்தான். அன்று முதல் வாரம் ஒருமுறை பத்துப் பெண்களின் கையையும் காகிதத்தில் வைத்து பென்சிலால் சுற்றி வரைந்தாள். எந்த விரலில் அரிப்பு, எந்த நுனியில் உணர்ச்சி இல்லை என்று புள்ளி வைத்தாள். பதினான்கு மாதம். நெடியை வெளியே இழுக்கும் எக்சாஸ்ட் ஃபேனைக் கழற்றிவிட்டு, சுவரில் அட்டை வைத்து அடைத்திருந்த மூலையில் உட்காருகிறவர்களுக்குத்தான் மரத்துப்போவது ஜாஸ்தி என்று அந்த நோட்டைப் புரட்டினால் ஒரு குழந்தைகூடச் சொல்லிவிடும்.

ஜூலையில் ரோஷினி அதைப் பக்கம் பக்கமாகப் போனில் படம் பிடித்துக்கொண்டு போனாள். இப்போது அவளுடைய கட்டுரை முழுக்க அந்தக் கைகள்தான். 'நான் வரைந்த கைகள்' என்று தொடங்குகிறதாம்.

"அது ஸ்வேதாவுது மாமா" என்றாள் மனோரமா.

"யாரு இல்லைன்னது? அதான் ஸ்வேதாவுக்குப் பண்றேனே" என்றார் செந்தில்குமார். கோபமே இல்லை. அவர் கெட்டவரும் இல்லை. மகளுக்கு ஒன்று, தம்பி மகளுக்கு ஒன்று என்று நியாயமாகப் பங்கு போடுவதாகவே மனசார நம்பினார். அதுதான் மனோரமாவுக்குத் தாங்கவில்லை. திருடுகிறவன் திருடனைப் போல நடந்துகொண்டால் திட்டவாவது செய்யலாம்.

அவள் பழைய நோட்டு ஒன்றை எடுத்தாள். மேலே ரோஷினியின் பெயரை எழுதினாள். பேனாக்களை வரிசையாக வைத்தாள். கை தானாக வேலையைத் தொடங்கிற்று. முதல் பக்கத்தில் அமிர்தவள்ளியின் கையை வரைந்தாள். மனசு மட்டும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஸ்வேதா சான்றிதழ் வாங்கத் தாலுகா ஆபீஸ் போயிருக்கிறாள். வருவாள், பார்ப்பாள், நோட்டைப் பிடுங்கிக் கிழித்து எறிவாள். மகள் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அம்மா தப்பித்துக்கொள்ளலாம். அந்தக் கிழிபடும் சத்தத்துக்காக ஒவ்வொரு நிமிஷமும் காத்திருந்தாள்.

பதினோரு மணிக்கு ஸ்வேதா வந்தாள். பெரியப்பாவைப் பார்த்தாள். நோட்டைப் பார்த்தாள். மேலே இருந்த பெயரைப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நேற்று அடுப்படியில் நின்றபடியே எல்லாம் கேட்டிருக்கிறாள்.

கிழிக்கவில்லை. குனிந்து பக்கத்தைப் பார்த்து, "சுண்டு விரல் தப்பு. அமிர்தாக்காவுக்கு வலது கை. இடதுல போட்டிருக்க. எந்திரி" என்றாள்.

மனோரமா எழுந்தாள்.

மகள் உட்கார்ந்தாள். தன் நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தன் எழுத்தைக் கொஞ்சம் சாய்த்து, தன் பதினான்கு மாதத்தை இன்னொருத்தி பெயருக்கு மாற்றி எழுத ஆரம்பித்தாள். அம்மாவை விட வேகம். அம்மாவை விடச் சுத்தம். டீக்கறை வைக்க வேண்டிய இடம்கூடத் தெரிந்திருந்தது. எப்போது கற்றுக்கொண்டாள் என்று மனோரமாவுக்கே தெரியவில்லை. போன ஆடிட்டின்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதானே இருந்தாள்.

"உனக்கு வருத்தமா இல்லியாடி?"

ஸ்வேதா நிமிரவில்லை. "இங்க இந்த நோட்டுக்கு ஒரு மார்க்காவது போட்டானாம்மா? அங்க இதுக்கு சீட்டே குடுக்குறான். நல்ல தோலு எப்பவும் எக்ஸ்போர்ட்டுக்குத்தானே போவுது? அப்பாவக் கேளு."

செந்தில்குமார் சிரித்தார். பெண் புத்திசாலி என்று பாராட்டினார். மனோரமாவுக்கு வாயில் ஒரு கசப்பு ஏறி நின்றது. அது அவர்மேல் வந்த கசப்பாக இருந்தால் விழுங்கியிருப்பாள்.

அப்புறம் ரோஷினியை வீடியோவில் பிடித்தார்கள். அங்கே ராத்திரி இரண்டே கால். கண்ணெல்லாம் சிவந்து, தலையில் பென்சில் செருகி, பாவம், அதுவும் ஒரு குழந்தைதான். நேர்முகத்தில் கேட்டால் சொல்வதற்காகப் பெண்களின் பெயரையெல்லாம் ஸ்வேதாவிடம் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டது. மஹ்பூபி என்பதை ஆறு விதமாகச் சொல்லிப் பார்த்தது. ஃபேன் வந்துவிட்டது என்று, செந்தில்குமார் டைப் அடித்த கடிதத்தைப் போலவே, கட்டுரையும் முடிகிறதாம். 'நான் காட்டிய கைகளைப் பார்த்து நிர்வாகம் மனம் மாறியது' என்று கடைசி வரி. சேவைக்கு ஒரு பலன் தெரிய வேண்டும், பலன் இல்லாத சேவையைத் தேர்வுக்குழு ரசிப்பதில்லை என்று அங்கே ஒரு ஆலோசகர் சொன்னாராம்.

"ஃபேன் வரல ரோஷினி" என்றாள் ஸ்வேதா.

திரையில் அந்த முகம் நிமிர்ந்தது. "ஆனா வரும்ல?"

வரும் வரும் என்றார் செந்தில்குமார். இணைப்பைத் துண்டித்தார்.

கடிதத்துக்குக் கம்பெனி முத்திரை வேண்டும். முத்திரை இருப்பது மனிதவள மேலாளர் தவ்ஃபீக்கிடம். அவர் பன்னிரண்டரைக்கு ஜும்மாவுக்குப் போய்விடுவார். மூன்று பேரும் பன்னிரண்டே காலுக்கு அவர் அறையில் நின்றார்கள்.

நானூறு மணி நேரத்தைப் பார்த்துப் புருவத்தைத் தூக்குவார், ஏதாவது கேட்பார், அதோடு நின்றுபோகும் என்று மனோரமா ஒரு கடைசி ஆசை வைத்திருந்தாள். தவ்ஃபீக் படித்தார். மறுபடி படித்தார். அவர் முகத்தில் பெருநாள் பிறை தெரிந்தது.

"சிஸ்டர், இதுல எனக்கு ஒரு காப்பி வேணும்."

போன வருஷம் வந்த ஆடிட்டர் ஃபேன் இல்லை என்று சிவப்பில் எழுதிவிட்டுப் போயிருந்தார். அடுத்த மாதம் திரும்ப வருகிறார். ஃபேன் ஓடுவதை அமெரிக்க மாணவி ஒருத்தி பார்த்து எழுதி, நர்ஸ் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அதற்கு மேல் சாட்சி ஏது? நிஜ ஃபேனைவிட இது எவ்வளவோ மேல் என்பது அவர் கட்சி. கரண்ட் இழுக்காது, சத்தம் போடாது, ரிப்பேர் ஆகாது. கூடவே ஒரு யோசனையும் உதித்தது. மேஜைப் பெண்களிடமும் தமிழில் ஒரு தாள் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். ஃபேன் நன்றாக ஓடுகிறது, காற்றோட்டம் திருப்தி, கையில் காலில் எந்தக் கோளாறும் இல்லை என்று. ஸ்வேதா எழுதட்டும்.

"சார், அங்க அட்டைதான சார் இருக்குது" என்றாள் மனோரமா.

தவ்ஃபீக் முத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் மிரட்டல் எதுவும் இல்லை. "உங்க லெட்டர்ல ஃபேன் இருக்குது சிஸ்டர். நான் எத நம்பட்டும்?"

பொய் கப்பலேறி அமெரிக்காவுக்குப் போய்விடும், இங்கே ஒருத்தருக்கும் ஒரு சேதமும் இல்லை என்றுதான் மனோரமா காலையிலிருந்து தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்தாள். அது கம்பெனிக் கேட்டைத் தாண்டுவதற்கு முன்னாலேயே திரும்பி வந்து மேஜையில் உட்கார்ந்துகொண்டது. நாளைக்கு எந்தப் பெண்ணாவது கை மரத்துப் போகிறது என்றால், நர்ஸே எழுதிக் கொடுத்தாளே என்பார்கள். ஸ்வேதா வரைந்த அத்தனை கையும் சேர்ந்து அந்தச் சுவரில் இன்னொரு அட்டையாகப் போய் நிற்கும்.

அவள் மகளைப் பார்த்தாள். ஸ்வேதா ஏற்கெனவே வெள்ளைத் தாளை இழுத்து வைத்துக்கொண்டிருந்தாள். பேனா மூடியைக் கழற்றியிருந்தாள். கீழுதட்டைப் பல்லால் கடித்திருந்தாள். சின்ன வயதில் ஊசி போடும்போது அப்படித்தான் கடிப்பாள்.

மனோரமா கையெழுத்துப் போட்டாள். தவ்ஃபீக் முத்திரையைக் குத்தினார். தாள் மட்டும் தொழுகை முடிந்து வருவதற்குள் தயாராக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தார்.

செந்தில்குமார் வாக்குத் தவறவில்லை. அங்கேயே நின்றபடி போனில் கல்லூரிக்குப் பணத்தை அனுப்பினார். கடிதத்தையும் புது நோட்டையும் எடுத்துக்கொண்டார். ஸ்வேதாவின் அசல் கை நோட்டையும், இரண்டு நோட்டு இருப்பது யாருக்கும் நல்லதில்லை என்று தன் பையில் போட்டுக்கொண்டார். அவள் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் செய்துவிட்டுக் காரேறினார். இரண்டு நிமிஷத்தில் கங்காதரன் கூப்பிட்டார். கல்லூரியிலிருந்து செய்தி வந்துவிட்டதாம். ஷெட்டில் எல்லோருக்கும் டீ சொல்லியிருக்கிறாராம். அழுதார். என் பொண்ணு டாக்டர் மனோ, டாக்டர் என்றார். மனோரமா ஆமாம் என்றாள்.

சாப்பாட்டு மணி அடித்ததும் பசை மேஜைப் பெண்கள் பத்துப் பேரும் முதலுதவி அறைக்கு வந்தார்கள். வழக்கம்போல வாரக் கணக்குக்குக் கை வரையத்தான் கூப்பிட்டதாக நினைத்து, வரிசையாகக் கையைக் கழுவிக்கொண்டு வந்திருந்தார்கள். ஸ்வேதா மேஜையில் தாளை வைத்தாள். கையெழுத்து மட்டும் போதும் என்றாள்.

அமிர்தவள்ளிதான் முதலில் வந்தாள். பேனா அவள் விரலில் நிற்கவில்லை. இரண்டு தடவை நழுவி விழுந்தது. "இன்னா எழுதியிருக்குது பாப்பா?"

ஸ்வேதா தாளின் ஓரத்தை நேராக்கினாள். "ஃபேனப் பத்திக்கா."

"ஆங், ஃபேனுக்குத்தானா. நீ எழுதிட்டியா, அப்ப வந்துடும்" என்று அமிர்தவள்ளி மனோரமாவிடம் கையை நீட்டினாள். "செத்த புடிச்சுக்க நர்சம்மா. விரலு நிக்கல."

மனோரமா அந்தக் கையைப் பிடித்தாள். பச்சைத் தோல் மாதிரி சில்லென்று இருந்தது. அதைப் பிடித்தபடியே, அதன் பெயரை அதைக்கொண்டே எழுத வைத்தாள். அடுத்து ஒருத்தி. அடுத்து ஒருத்தி. பாப்பா எழுதியது என்பதால் ஒருத்தியும் படிக்கவில்லை. ஒன்பது பேர் போட்டார்கள். அதில் நாலு பேர் ஸ்வேதாவின் கன்னத்தைத் தொட்டு, சீட்டு கிடைத்துவிட்டதாமே என்று திருஷ்டி கழித்துவிட்டுப் போனார்கள்.

கடைசியில் மஹ்பூபி. ஒட்டுகிற மேஜையில் அவளுக்கு இடம் அந்த அட்டைக்கு நேர் கீழே. தாளைக் கையில் எடுத்தாள். ஸ்வேதாவைப் பார்த்தாள். ஸ்வேதா ஜன்னலைப் பார்த்தாள். மனோரமா பேனாவை நீட்டினாள்.

மஹ்பூபி பேனாவை வாங்கவில்லை. முந்தானையிலிருந்து போனை எடுத்து, தாளை மேஜையில் நேராக வைத்து, இரண்டு படம் பிடித்தாள்.

"எனக்குப் படிக்கத் தெரியாது நர்சம்மா" என்றாள். "உம் பொண்ணு எழுதுனத எம் பொண்ணு படிக்கட்டும்."